டீசல் வெகனும் எழுதி வைக்காத ஒன்பது பவுனும்

"சேர், வாகனம் ஒன்று பார்க்கிறேன். டீசலா, பெற்றோலா நல்லம்?"

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. நான் மெக்கானிக் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு வாகனம் வாங்கப் படிப்பிக்கவும் இல்லை. ஆனாலும் நாலு வருஷமாகப் பாடசாலை வேப்பமரத்தடியில் என்னுடைய பழைய டீசல் வெகன் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, இவனுக்கு ஏதோ தெரியும் என்று நினைத்துக் கேட்கிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால் ஒரே தடவையில் முழுவதையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வாகனம் வாங்குகிற எண்ணம் உள்ளவர்கள், குறிப்பாகக் கல்யாணம் முடித்தவர்கள், கடைசி வரை வாசியுங்கள். டீசல் கணக்கு முதல் பாதியில் இருக்கிறது. நான் உண்மையாகச் சொல்ல வந்தது இரண்டாம் பாதியில்.

2021 நவம்பர். எங்களுடைய சம்பளப் போராட்டம் முடிந்து பாடசாலைக்குத் திரும்பிய நேரம். ஜனவரியிலிருந்து சம்பளம் கூடும் என்ற தைரியம் இருந்தது. எனக்கு வீட்டிலிருந்து பாடசாலை முப்பது கிலோமீற்றருக்கு மேல். அதுவரை மோட்டார் சைக்கிள். மாரி மழையில் நனைந்து போய் ஈரக் காற்சட்டையோடு எட்டாம் ஆண்டுக்கு ஒளித்தெறிப்புப் படிப்பித்திருக்கிறேன். அதோடு வாப்பாவை மாதம் ஒரு தடவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கூட்டிப் போக வேண்டும். போக வர நூற்றி இருபது கிலோமீற்றருக்கு மேல். ஒவ்வொரு தடவையும் வேன் பிடித்தால் கட்டாது. இரண்டு பிள்ளைகள், உம்மா, வாப்பா, நாங்கள் இருவர், ஒரு சக்கர நாற்காலி. சின்னக் கார் சரிவராது. வேனுக்குப் பணம் இல்லை. அதனால்தான் வெகன்.

இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அதனால் "புது வாகனம்" என்பதற்கு எங்கள் ஊரில் அர்த்தமே மாறிப்போயிருந்தது. இன்னொருவர் இருபத்தைந்து வருஷம் ஓடியது எங்கள் வாசலுக்கு வந்தால் அது புது வாகனம். நாங்கள் வாங்கியது 1996 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா வெகன். சீ.ஈ.106 என்பார்கள். இரண்டாயிரம் சீசிக்குக் கொஞ்சம் குறைந்த டூ-சீ டீசல் இன்ஜின். விலை இருபத்திரண்டு இலட்சம். அதே வருஷத்துப் பெற்றோல் வெகன் ஒன்றையும் பார்த்தோம். பத்தொன்பதுக்குத் தருவதாகச் சொன்னார்கள். மூன்று இலட்சம் அதிகமாகக் கொடுத்து டீசலை எடுத்தேன்.

ஏன்? அந்த மாதம் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 157 ரூபா. டீசல் 111 ரூபா. வித்தியாசம் 46 ரூபா. வாத்தியார்தானே, ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மாதம் 1,300 கிலோமீற்றர் ஓட்டம். லீற்றருக்குப் பதின்மூன்று கிலோமீற்றர் என்றால் மாதம் 100 லீற்றர். பெற்றோல் என்றால் 15,700 ரூபா. டீசல் என்றால் 11,100. மாதம் 4,600 ரூபா மிச்சம். அதிகமாகக் கொடுத்த மூன்று இலட்சம் ஐந்தரை வருஷத்தில் திரும்பிவிடும். அதற்குப் பிறகு எல்லாம் இலாபம். கணக்கு அழகாக இருந்தது. வாப்பாவிடம் காட்டினேன். மெக்கானிக் காக்காவிடம் காட்டினேன். அவரும் "டீசல் எண்டா டீசல்தான் சேர், கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். டிசம்பரில் டீசல் 121. மார்ச்சில் 176. ஏப்ரலில் 289. மே மாதம் 400. 2022 ஜூன் 26 ஆம் திகதி பெற்றோல் 470, டீசல் 460.

விலை கூடியதை மட்டும் பார்க்காதீர்கள். வித்தியாசத்தைப் பாருங்கள். 46 ரூபா 10 ரூபா ஆனது. என்னுடைய 100 லீற்றரில் மாதம் மிச்சம் வெறும் ஆயிரம் ரூபா. மூன்று இலட்சம் திரும்ப வர 300 மாதம். இருபத்தைந்து வருஷம்! அப்போது எனக்குப் பென்சன் கிடைத்திருக்கும். வெகனுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும்.

எங்கே பிழைத்தேன்? கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. டீசல் மலிவு என்பதை நான் இயற்கை விதி மாதிரி எடுத்துக்கொண்டேன். தண்ணீர் நூறு பாகையில் கொதிக்கும் என்பது மாதிரி. அது விதி இல்லை. பஸ்ஸும் லொறியும் உழவு மெஷினும் ஓட வேண்டும், பாணும் அரிசியும் மலிவாக இருக்க வேண்டும் என்பதற்காக அரசாங்கங்கள் வைத்திருந்த விலை அது. சொந்தக் கார் வைத்திருக்கிற நாங்கள் அந்த நிழலில் ஒதுங்கியவர்கள். மரத்தை வெட்டிய அன்று நிழல் போய்விட்டது. 2025 முழுவதும் பார்த்தாலும் இரண்டுக்கும் இடையில் 25 ரூபா வித்தியாசம் கூட இருக்கவில்லை. ஆகவே, "டீசல் மலிவு" என்று வாப்பாமார் காலத்திலிருந்து கேட்டு வந்ததை மட்டும் வைத்து யாரும் இன்று டீசல் வாங்காதீர்கள். மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடுவீர்கள் என்று முதலில் எழுதுங்கள். ஆயிரத்துக்குக் குறைவு என்றால் டீசலுக்கு அதிகமாகக் கொடுக்கிற பணம் உங்கள் காலத்தில் திரும்பாது.

அந்த 2022 ஐப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்குப் பெற்றோல் வரிசை தெரியும். டீசல் வரிசை வேறு. எனக்கு முன்னால் பஸ், லொறி, ஆழ்கடலுக்குப் போகிற படகுக்காரர்கள், சிறுபோக வயலுக்கு டீசல் தேடி வந்த கமக்காரர்கள். நான் இரண்டு இரவு வெகனின் பின்பக்கத்தில் படுத்துக் கிடந்தேன். பின் ஆசனத்தை மடித்துவிட்டால் ஆறடி ஆளும் கால் நீட்டலாம். வெகன் வாங்கியதற்காக அன்றைக்குத்தான் முதல் தடவை சந்தோசப்பட்டேன். இரண்டாம் நாள் சுபஹுக்குப் பிறகு பக்கத்து லொறிக்காரர் தேத்தண்ணி தந்துவிட்டு, "சேர் எதுக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டார். வாப்பாவின் கிளினிக் என்றேன். "அப்ப நில்லுங்க" என்றார். கிளினிக் இல்லாவிட்டால் நான் அந்த வரிசையில் நின்றிருக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது. பிறகு கியூஆர் வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர். பாடசாலையும் வாரத்தில் மூன்று நாள். ஓட்டத்தைக் குறைத்துச் சமாளித்தோம்.

சரி, கணக்கை விடுவோம். நாலு வருஷம் ஒரு டீசல் வெகனோடு வாழ்ந்த அனுபவம் எப்படி?

நல்லதைச் சொல்கிறேன். இழுவை. டீசல் இன்ஜினில் பிளக் பொறி கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைப்பது. அதனால் குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை இருக்கும். ஆறு பேர், பெட்டி படுக்கையோடு மஹியங்கனைக்கு மேலே பதினெட்டு வளைவு ஏறியிருக்கிறேன். மெதுவாகத்தான் ஏறும். ஆனால் மூச்சு வாங்காது. பின்பக்க இடத்தில் சக்கர நாற்காலி போனது, பக்கத்து வீட்டுக்காரரின் நெல் மூட்டை போனது, விஞ்ஞானக் கண்காட்சிக்கு எங்கள் பிள்ளைகள் செய்த காற்றாலை உடையாமல் போனது. பழைய இன்ஜின் என்பதால் ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகியது. கணினி வைத்துப் பார்க்க வேண்டிய எதுவும் அதில் இல்லை.

கெட்டதையும் சொல்கிறேன். சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்தால் முழுத் தெருவும் எழும்பும். ஹீற்றர் பிளக் பழுதானால் மார்கழிக் குளிரில் அந்தச் சத்தமும் வராது. ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஓயில் மாற்ற வேண்டும். அதில் கஞ்சத்தனம் பிடித்தால் இன்ஜின் பழிவாங்கும். டைமிங் பெல்ட்டை ஒரு இலட்சம் கிலோமீற்றருக்குள் மாற்ற வேண்டும். பழைய சொந்தக்காரர் எப்போது மாற்றினார் என்று அவருக்கே தெரியாவிட்டால், வாங்கிய கிழமையே மாற்றுங்கள். அது அறுந்தால் இன்ஜினைத் திறக்க வேண்டி வரும். 2023 இல் புகைப் பரிசோதனையில் தோற்றேன். கறுப்புப் புகை. நொசில் நாலையும் கழற்றிச் சோதித்து, பம்ப்பைச் சரிபார்த்து, முப்பத்தெட்டாயிரம் ரூபா போன பிறகுதான் வருஷ லைசன் எடுக்க முடிந்தது. பாடசாலையில் வளி மாசடைதல் படிப்பிக்கிற வாத்தியாருடைய வாகனம் புகைப் பரிசோதனையில் தோற்றது என்று பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு கிழமை தலைகாட்ட ஏலாது.

புது டீசல் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னுடைய மச்சான் ஒருவர் இங்கிலாந்தில் இருக்கிறார். புத்தம் புதிய டீசல் எஸ்டேட் எடுத்தார். நாங்கள் வெகன் என்பதை அங்கே எஸ்டேட் என்பார்கள். அவருடைய வேலைக்குத் தினமும் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீற்றர் ஓட்டம். வாகனம் தங்கம் மாதிரி ஓடியது. பிறகு அவர் ஒரு மாதம் ஊருக்கு வந்து நின்றார். அந்த மாதம் ராத்தா அதை எடுத்துக்கொண்டு பாடசாலைக்கும் கடைக்கும் மட்டும் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடினார். எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டது.

காரணம் இதுதான். இன்றைய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி ஒன்று இருக்கிறது. டீபீஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு நல்ல சூடு வேண்டும். அந்தச் சூடு, நிறுத்தாமல் நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் வரும். பக்கத்துக் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் மட்டும் ஓடினால் கரி அடைத்துக்கொள்ளும். சந்திக்குச் சந்தி நின்று போகிற எங்கள் கரையோர வீதியை நினைத்துப் பாருங்கள். அதோடு அந்த வகை இன்ஜின்கள் கந்தகம் குறைந்த டீசல் கேட்கும். அதாவது சுப்பர் டீசல். 2022 ஜூனில் சுப்பர் டீசல் 520 ரூபா. பெற்றோலையும் தாண்டிய விலை! மலிவு என்று டீசலுக்குப் போனவன் கடைசியில் பெற்றோலை விடக் கூடக் கொடுத்து ஓடிய கதை அது.

இங்கிலாந்திலும் மக்கள் சும்மா டீசலுக்குப் போகவில்லை. 2001 இல் கார் வரியைக் காபனீரொட்சைட்டின் அளவை வைத்து மாற்றினார்கள். டீசலுக்கு அது குறைவு என்பதால் எல்லோரும் டீசலுக்கு ஓடினார்கள். ஒரு காலத்தில் அங்கே விற்ற புதுக் கார்களில் ஏறக்குறையப் பாதி டீசல். 2015 இல் வொக்ஸ்வாகன் கம்பனி புகைச் சோதனையை ஏமாற்ற மென்பொருள் வைத்தது வெளியே வந்தது. பிறகு லண்டனில் பழைய டீசல் கார் ஓட்டினால் நாளுக்கு பன்னிரண்டரைப் பவுண் கட்டணம். இன்று புது டீசல் வாங்குகிறவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை. அங்கேயும் அரசாங்கம் போட்ட நிழல், அரசாங்கமே எடுத்த நிழல்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில்: தினமும் நீண்ட தூரம், ஏற்றி இறக்க ஆட்களும் சாமான்களும் இருந்தால் டீசல் வெகன் நல்ல வாகனம். இல்லையென்றால் வேண்டாம்.

இனி இரண்டாம் பாதி. இதை எழுதுவதற்கு மனைவியிடம் அனுமதி கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க" என்றாள். போடவில்லை.

அந்த இருபத்திரண்டு இலட்சம் எங்கிருந்து வந்தது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். லீசிங் வேண்டாம், வட்டிக்குள் போகக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். மோட்டார் சைக்கிள் விற்றது, சீட்டு எடுத்தது, சேமிப்பு எல்லாம் சேர்த்து ஒன்பது இலட்சம். கட்டாரில் இருக்கிற காக்கா கைமாற்றாக மூன்று இலட்சம் தந்தார். மிச்சம் பத்து இலட்சம் மனைவியுடைய ஒன்பது பவுன். பவுன் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் அளவில் போனது.

அவள் தர மறுக்கவில்லை. நான் கேட்டேன், அலுமாரியைத் திறந்து தந்தாள். அதில் மஹராக நான் கொடுத்த மாலையும் இருந்தது. அவளுடைய உம்மா கொடுத்த காப்புகளும் இருந்தன. அவளும் ஆசிரியைதான். என்னை விட இரண்டு வருஷம் சேவை கூட. அவள் பஸ்ஸில் போனாள், நான் வெகனில் போனேன். அவளுடைய பாடசாலை எதிர்ப்பக்கம் என்பதால்.

வாகனம் முதல் வருஷம் ஓபன் பேப்பரில் ஓடியது. பிறகு மாற்றினேன். யாருடைய பேருக்கு? என்னுடைய பேருக்கு. அதில் யோசிக்க ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் முதல் பக்கத்தில் காக்காவுடைய மூன்று இலட்சம். திகதி போட்டு, தந்த தொகை, மாதாமாதம் திருப்பிக் கொடுத்தது எல்லாம் எழுதியிருக்கிறேன். 2024 இல் கடைசிப் பணத்தைக் கொடுத்துக் கோடு கீறினேன். அல்ஹம்துலில்லாஹ், மனது நிறைந்தது. அந்தக் கொப்பியில் ஓயில் மாற்றிய கணக்கு இருக்கிறது, நொசில் கணக்கு இருக்கிறது, டயர் வாங்கிய கணக்கு இருக்கிறது. ஒன்பது பவுன் எந்தப் பக்கத்திலும் இல்லை.

எனக்கு அது எப்போது தெரிந்தது? 2025 மார்ச், நோன்பு நேரம். ஒருவர் வெகனைக் கேட்டு வந்தார். முப்பத்தி நாலு இலட்சம் தருவதாகச் சொன்னார். நான் விற்கவில்லை. ஆனால் இப்தாருக்குப் பிறகு பெருமையாகச் சொன்னேன்: "பாத்தியா, மூணரை வருஷம் ஓட்டிட்டும் பன்னிரண்டு இலட்சம் இலாபம்."

அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "இப்ப பவுன் என்ன விலை?"

இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒன்பது பவுன் பதினெட்டு இலட்சத்துக்கும் மேல். அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. சண்டை பிடிக்கவில்லை. அழவில்லை. தறாவீஹுக்கு நேரம் போகிறது என்று சொன்னாள். நான் பள்ளிக்குப் போனேன். அன்று எத்தனை ரக்அத் தொழுதேன் என்று எனக்கு நினைவில்லை.

டீசல் கணக்கில் 46 ரூபாவைப் பிழையாகப் போட்டவன் நான். இந்தக் கணக்கை நான் பிழையாகப் போடவில்லை. போடவே இல்லை. காக்கா தந்தது கடன். மனைவி தந்தது? அதற்கு என்னிடம் பேர் இருக்கவில்லை. காக்காவும் இரத்த உறவுதான், அவரும் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனாலும் எழுதினேன். ஏனென்றால் அவர் ஆம்பிளை. நாளைக்கு அவர் சபையில் கேட்கலாம். இவள் எங்கே போய்க் கேட்பாள் என்ற எண்ணம் எனக்குள் இருந்திருக்கிறது. அப்படி நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் கொப்பி பொய் சொல்லாது.

எனக்குத் தெரிந்த மௌலவி ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் நீண்ட பயான் எல்லாம் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாங்கும்போது என்ன பேசினீங்க? கடனா, அன்பளிப்பா, பங்கா?" ஒன்றும் பேசவில்லை என்றேன். "அதுதான் பிழை. கடன் என்றால் அவவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பங்கு என்றால் வாகனத்தில் அவவுக்குப் பாதிக்குக் கிட்ட. அன்பளிப்பு என்றால் அவ வாயால், மனதால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். பேசாமல் விட்டுவிட்டு, பிறகு அன்பளிப்பு என்று நீங்களே முடிவெடுக்க ஏலாது." குர்ஆனில் ஆக நீளமான ஆயத்து எதைப் பற்றியது என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஓதப் போன எல்லோருக்கும் தெரியும். கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. வட்டிக்குப் பயந்து லீசிங் பக்கம் போகாதவன், எழுதச் சொன்னதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன், மூன்று வருஷம் சுணங்கி. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "நான் அண்டைக்கு ஒண்டும் நினைக்கல. கேட்டீங்க, தந்தன். ஆனா உம்மாட காப்பு மட்டும் மனசில கிடந்த" என்றாள். அதற்குப் பிறகு கடன் என்றே வைப்போம் என்று இருவரும் முடிவெடுத்தோம். பணமாக இல்லை, பவுனாக. கொப்பியில் புதுப் பக்கம் திறந்து எழுதினேன்: ஒன்பது பவுன். அவளும் கையொப்பம் வைத்தாள், நானும் வைத்தேன். வாகனத்தை அவளுடைய பேருக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். "முதல்ல ஓட்டப் பழக்குங்க, பேர் பொறகு பாப்பம்" என்றாள்.

பழக்கினேன். அறுவடை முடிந்த வயல் வீதியில், அஸருக்குப் பிறகு. கிளச்சை விடும்போது பெற்றோல் கார் என்றால் துள்ளி நின்றுவிடும். டீசல் அப்படியே இழுத்துக்கொண்டு போகும். பழகுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. டீசலால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த உண்மையான இலாபம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பயிற்சி அனுமதிப்பத்திரம், எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை எல்லாம் முதல் தடவையே சித்தி. இப்போது அவளுக்குப் பாடசாலை இருக்கிற நாட்களில் வாரத்துக்கு இரண்டு நாள் அவள் எடுத்துப் போகிறாள். அந்த இரண்டு நாளும் நான் பஸ். வாப்பா கிளினிக்குக்கு அவளோடு போகத்தான் விரும்புகிறார். நான் ஓட்டினால் முதுகு நோகுதாம்.

ஊரில் கதைக்காமல் இல்லை. "சேர் பஸ்ஸில வாறார், டீச்சர் கார்ல போறா" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த வாகனத்தில் பத்து இலட்சம் அவளுடையது என்று தெரிந்தால் சிரிக்க மாட்டார்கள். தெரியாமல் வைத்திருந்தவன் நான்தான்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். எங்கள் ஊர்களில் ஓடுகிற எத்தனை வாகனங்களுக்குள் ஒரு பெண்ணின் காப்பும் மாலையும் கிடக்கின்றன? முச்சக்கர வண்டி, வேன், லொறி, கடை, வெளிநாட்டு விசா எல்லாவற்றுக்கும் முதலில் திறப்பது அவளுடைய அலுமாரி. புத்தகத்தில் இருப்பது அவனுடைய பேர். வாகனம் விற்று இன்னொன்று வாங்குவான், அதுவும் அவனுடைய பேர். நாளைக்கு அவன் மௌத்தானால், அவளுடைய பவுன் கடன் என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல், அதுவும் அவனுடைய சொத்தோடு சேர்த்துப் பங்கு பிரிக்கப்படும். அவளுடைய பொருளில் அவளுக்கே எட்டில் ஒன்று. தலாக் என்று வந்தால் இன்னும் மோசம். அப்போது "அவ விரும்பித்தானே தந்தா" என்பார்கள். விரும்பித்தான் தந்தாள். விரும்பித் தந்த கடனும் கடன்தான்.

"கணவன் மனைவிக்குள்ள என்ன கணக்கு?" என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கணக்கு வேண்டாம் என்று சொல்வது எப்போதும் வாங்கினவனாகத்தான் இருக்கிறான், தந்தவள் இல்லை. அன்பு இருந்தால் எழுதினால் குறையாது. எழுதிய பிறகு எங்கள் வீட்டில் எதுவும் குறையவில்லை. அவள் பவுன் விலையைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

இதுவரை ஒரு பவுன் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். விலை ஏறுகிற வேகத்துக்கு என்னுடைய சம்பளம் ஓடவில்லை. இந்தக் கணக்கில் போனால் பல வருஷம் எடுக்கும், அது எனக்குத் தெரியும். முதலில் வாங்கிக் கொடுத்தது காப்பு. அவளுடைய உம்மாவுடைய காப்பு இல்லை, அது உருக்கியாகிவிட்டது. அதைத் திருப்ப என்னால் ஏலாது.

ஆகவே, "டீசலா பெற்றோலா" என்று கேட்கிற தம்பிமாருக்கு: மாத ஓட்டத்தை எழுதுங்கள், டைமிங் பெல்ட்டைப் பாருங்கள், புகையைப் பாருங்கள், ஓபன் பேப்பரில் ஓடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, யார் எவ்வளவு தருகிறார்கள், அது கடனா, பங்கா, அன்பளிப்பா, புத்தகம் யாருடைய பேரில் வரும் என்று எழுதுங்கள். வீட்டில் இருப்பவளை இருத்திவைத்து எழுதுங்கள். அவளும் வாசித்துவிட்டுக் கையொப்பம் வைக்கட்டும்.

அந்தத் தாள் எழுதக் கூச்சமாக இருந்தால், வாகனம் வாங்குவதைக் கொஞ்சம் பிற்போடுங்கள். பஸ் ஓடுகிறது. நானும் அதில்தான் வருகிறேன்.